சிறுநீரகத் திசுவுக்கு ஹிஸ்டோன் கிட் வாங்கப் போகிறவர்களுக்கு: என் 7 மாத அனுபவம்

போன ஆண்டு ஆகஸ்டில் எங்கள் ஆய்வகத்துக்கு ஹிஸ்டோனை, அதாவது செல்லுக்குள் டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதத்தை, திசுவிலிருந்து பிரித்தெடுக்கும் கிட் ஒன்று வாங்கினோம். 100 மாதிரிக்கு வரும் என்று பெட்டியில் போட்டிருந்தது. விலை 38,500 ரூபாய், ஜிஎஸ்டி தனி. எங்களைப் போன்ற பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு இது பெரிய தொகை. என் ஃபெலோஷிப்போடு வரும் ஒரு வருடக் கன்டிஞ்சென்சி பணம் (ஆய்வுச் செலவுக்கான தொகை) முழுவதையும் போட்டாலும் போதாது. வாங்கும் முன் இதைப் பற்றித் தமிழில் யாராவது நாலு வரி எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன், கிடைக்கவில்லை. இப்போது சிறுநீரகத்தில் வேலை செய்யும் தம்பி தங்கைகள் நிறையப் பேர் வந்துவிட்டீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிட் நல்ல கிட். வேகமாக வேலை முடிகிறது, ஹிஸ்டோன் சுத்தமாக வருகிறது. ஆனால் பெட்டிக்குள் வரும் செய்முறைத் தாளை மட்டும் நம்பிச் சிறுநீரகத் திசுவில் இறங்கினால் நீங்கள் தேடும் அசிட்டைல் குறி, அதாவது ஹிஸ்டோனில் ஒட்டியிருக்கும் சின்ன வேதிக்குறி, உங்கள் கையிலேயே அழிந்துபோகும். எனக்கு மூன்று மாதமும் 26 மாதிரிகளும் அப்படிப் போயின. கம்பெனி பெயரை எழுதவில்லை. எந்தக் கம்பெனி கிட்டாக இருந்தாலும் நீங்கள் பார்க்க வேண்டியவை ஒன்றுதான்.

நான் இந்த வேலைக்கு எப்படி வந்தேன் என்று சொன்னால்தான் கிட்டிடம் என்ன எதிர்பார்த்தேன் என்பது புரியும். என் சித்தப்பாவுக்குத் தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் பக்கம் நிலம். 2019 கார்த்திகையில் ஒருநாள் இரவு மடை மாற்றப் போனவரை வரப்பில் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. அரசு மருத்துவமனையில் அவர் ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்தார்கள். அப்புறம் மெல்லச் சாய்த்துப் பார்த்தார்கள். உறையவே இல்லை, தண்ணீர் மாதிரி ஓடியது. உடனே விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள், உயிர் தப்பியது. ஆனால் இரண்டாம் நாளே சிறுநீர் நின்றுவிட்டது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 0.9ல் இருந்து 8.4 வரை ஏறியது. 11 முறை டயாலிசிஸ். மூன்றாவது வாரம் சிறுநீர் பிரிய ஆரம்பித்தது. வீட்டுக்கு வரும்போது 1.4. "கிட்னி பொழச்சிடுச்சு" என்று சித்தி தெருவெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

இரண்டு வருடம் கழித்து எடுத்துப் பார்த்தால் 2.1. இடையில் அவருக்குச் சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை, வலி மாத்திரைப் பழக்கமும் இல்லை. ஆறிவிட்டது என்று எல்லோரும் நினைத்த சிறுநீரகம் தனக்குள்ளே எதையோ மறக்காமல் வைத்திருந்தது. அந்த 'எதையோ' என்ன என்பதுதான் என் பிஎச்டி.

மருத்துவத்தில் இதைத் திடீர் சிறுநீரகக் காயம் என்கிறார்கள். 48 மணி நேரத்துக்குள் கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் ஏறினாலே போதும், கேடிகோ என்ற சர்வதேச சிறுநீரக வழிகாட்டுதல் அமைப்பு 2012ல் தந்த வரையறைப்படி அது காயம்தான். விஷம், கடுமையான பேதி, ரத்தத்தில் கிருமி, அறுவை சிகிச்சையில் ரத்த ஓட்டம் குறைவது, புற்றுநோய்க்குப் போடும் சிஸ்பிளாட்டின் என்று காரணம் எதுவாக இருந்தாலும் பெரும்பாலும் முதல் அடி விழுவது ஒரே இடத்தில்: வடிகட்டிக்கு அடுத்து வரும் அண்மைக் குழாய். அங்குள்ள செல்கள் ஓயாமல் உப்பையும் சர்க்கரையையும் திரும்ப எடுத்துக்கொண்டே இருப்பவை. ஆக்சிஜன் கொஞ்சம் குறைந்தாலும் தாங்கமாட்டா. செத்த செல்கள் உதிர்ந்ததும் மிச்சமுள்ளவை பெருகி இடத்தை நிரப்பும். நிரப்பி முடித்த பிறகும் அவற்றில் சில பழைய ஒழுங்குக்குத் திரும்புவதில்லை. வீக்கத்துக்கான, தழும்புக்கான ஜீன்களைத் திறந்தபடியே வைத்திருக்கின்றன.

ஜீன் மாறவில்லை, திறப்பதும் மூடுவதும்தான் மாறியிருக்கிறது. அதைச் செய்பவைதான் எபிஜெனடிக் நொதிகள். தையல் மிஷின் பாபினில் நூல் சுற்றியிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மனிதச் செல் ஒவ்வொன்றிலும் சுமார் 2 மீட்டர் டிஎன்ஏ ஹிஸ்டோன் என்ற புரதப் பாபின்களில் சுற்றிக் கிடக்கிறது. ஒரு பாபினில் 8 ஹிஸ்டோன்கள், அதன் மேல் 147 எழுத்து நீளத்துக்கு டிஎன்ஏ. ஹிஸ்டோனின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வாலில் பி300 போன்ற நொதிகள் அசிட்டைலை ஒட்டினால் சுற்று தளர்ந்து ஜீன் திறக்கும். எச்டாக் என்று நாங்கள் அழைக்கும் நொதிகள் அதைப் பிய்த்தெடுத்தால் இறுகும். ஒட்டும் நொதி ஒன்றும் பிய்க்கும் நொதி ஒன்றும் முதன்முதலில் ஜீனோடு இணைத்துக் கண்டுபிடிக்கப்பட்டது ஒரே வருடம், 1996. ஒன்று டேவிட் ஆலிஸ் குழு, மற்றது ஸ்டூவர்ட் ஷ்ரைபர் குழு.

நான் பார்ப்பது எச்3 ஹிஸ்டோனின் வாலில் 27வது இடத்தில் இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம். அதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. அது ஒரே நாற்காலி, உட்கார இரண்டு பேர் போட்டி போடுகிறார்கள். பி300 வந்து அசிட்டைலை ஒட்டினால் ஜீன் திறக்கும். இஇசட்எச்2 என்ற நொதி வந்து மூன்று மெத்தில் போட்டுவிட்டால் மூடும். ஒரே லைசினில் இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது. மெத்திலை எடுக்கும் நொதிகளுக்கோ ஆக்சிஜன் வேண்டும். ரத்த ஓட்டம் நின்ற சிறுநீரகத்தில் அவை திணறும் என்பதை யோசித்துப் பார்த்தால், ஒரு மணி நேரக் காயம் மாதக்கணக்கில் நிற்கும் குறியாக எப்படி மாறலாம் என்பது கொஞ்சம் பிடிபடுகிறது.

சரி, கிட்டுக்கு வருவோம்.

நாங்கள் ஆய்வுக்கு எடுத்தது விஸ்டார் என்ற ஆய்வக எலி. விலங்கு நெறிக் குழு அனுமதியோடு, சிறுநீரகத்தைக் காயப்படுத்த வயிற்றில் ஒரே ஊசியாக ஒரு கிலோ எடைக்கு 7.5 மில்லிகிராம் சிஸ்பிளாட்டின். நான்காம் நாள் ரத்தம் எடுத்தால் கிரியேட்டினினும் யூரியாவும் நன்றாக ஏறியிருக்கும். பாம்பு விஷத்தை ஏன் எடுக்கவில்லை என்று சித்தப்பாவே கேட்டார். விஷம் ரத்தத்தை உறையவிடாமல் செய்கிறது, ரத்த அழுத்தத்தைத் தள்ளுகிறது, குழாயையும் நேரடியாகத் தாக்குகிறது. நொதியில் தெரியும் மாற்றம் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. சிஸ்பிளாட்டின் அண்மைக் குழாய்க்குள்ளேயே போய்ச் சேர்வதால் கேள்வி சுத்தமாகிறது. அதோடு இந்த மருந்து ஏற்றிக்கொள்ளும் புற்றுநோயாளிகளில் சுமார் மூன்றில் ஒருவருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது என்பதால் அது தனியாகவே முக்கியமான கேள்வியும்கூட.

பெட்டி வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். கூரியர்காரர் கேட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார். வாட்ச்மேன் அண்ணா போன் செய்து, "பாப்பா, ஐஸ் பெட்டின்னு போட்டிருக்கு, வந்து எடுத்துக்கோ" என்று சொல்லியிராவிட்டால் திங்கள் வரை வெயிலில் கிடந்திருக்கும். ஜெல் பாக்கெட் பாதி உருகியிருந்தது. உள்ளே ஐந்து பாட்டில், இரண்டு சின்ன வயல். பாட்டில்கள் 4 டிகிரியில் இருக்கலாம். டிடிடி என்ற வேதிப்பொருளும் புரோட்டியேஸ் தடுப்பானும் உள்ள வயல்கள் மைனஸ் 20க்குப் போக வேண்டும். ஆர்டர் போடும்போதே புதன்கிழமைக்கு முன் வந்து சேரும்படி கேட்டு எழுதிவிடுங்கள்.

வேலை செய்வது எளிது. சிறுநீரகத்தின் வெளிப்பகுதியான புறணியின் உறைந்த திசுவில் 50 மில்லிகிராம் நறுக்கி, முதல் பஃபர் கரைசலில் போட்டு, கண்ணாடி ஹோமோஜினைசரில் 20 இழுப்பு. சுழற்றினால் உட்கரு அடியில் பெல்லட்டாக உட்காரும். அதன் மேல் அமில பஃபர், ஐஸில் அரை மணி. மறுபடி சுழற்றி மேல்திரவத்தை எடுத்து, சமன்படுத்தும் பஃபர் சேர்த்தால் முடிந்தது. ஒன்றரை மணி நேரம். ஜெல்லில் ஓட்டி நீலச் சாயம் போட்டால் 10, 20 கிலோடால்டனுக்கு (புரத எடையின் அளவு) நடுவில் ஹிஸ்டோன்கள் நாலும் கோலத்தில் இழுத்த கோடு மாதிரி வரிசையாக நிற்கும். முதல் தடவை பார்த்தபோது என் ஆய்வு வழிகாட்டி மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். இந்த விஷயத்தில் கிட்டுக்கு முழு மதிப்பெண்.

சிக்கல் அடுத்த நாள் தொடங்கியது. எச்3கே27 அசிட்டைல் ஆன்டிபாடி (அந்த 27வது லைசினில் உள்ள அசிட்டைலைப் பிடிப்பது) வைத்து, குறிப்பிட்ட புரதத்தைக் கோடாகக் காட்டும் வெஸ்டர்ன் சோதனை போட்டால் எல்லா லேனிலும் கோடு மங்கல். காயப்பட்ட எலி, நல்ல எலி, வித்தியாசமே இல்லை. மொத்த எச்3 மட்டும் எல்லாவற்றிலும் அடர்த்தியாக, சமமாக. அதாவது பாபின் பத்திரமாக இருக்கிறது, அதில் ஒட்டியிருந்த அசிட்டைலைக் காணோம்.

ஆன்டிபாடியைச் சந்தேகப்பட்டோம். பாலுக்குப் பதில் பிஎஸ்ஏ என்ற புரதக் கரைசலில் பிளாக் செய்தேன். மெம்பிரேனை 0.45ல் இருந்து 0.2 மைக்ரானுக்கு மாற்றினேன். சின்னப் புரதங்களுக்கு அது எப்படியும் செய்ய வேண்டியதுதான். டிரான்ஸ்ஃபர் நேரத்தைக் குறைத்தேன், கூட்டினேன். கம்பெனியின் தொழில்நுட்ப உதவிக்கு மெயில் போட்டேன். 9 நாள் கழித்து வந்த பதிலில் எக்ஸ்போஷரைக் கூட்டச் சொல்லியிருந்தார்கள். கூட்டினேன். பின்னணிதான் கறுத்தது. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் இப்படியே போயின. ஒவ்வொரு தடவையும் மைனஸ் 80 பெட்டியைத் திறந்து ஒரு குப்பியை எடுக்கும்போது மனசு கனக்கும். அது ஒரு உயிர். வீணாக்க எனக்கு உரிமை இல்லை.

மாடியில் புற்றுநோய் ஆய்வகத்தில் ஒரு அக்கா இருக்கிறார். நவம்பரில் ஒருநாள் சாயங்காலம் என் பிளாட்டைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பஃபர்ல பியூட்டிரேட் போட்டியா?"

போடவில்லை. எச்டாக்கைத் தடுக்கும் அந்தப் பொருள் தாளில் இல்லை. அதில் இருந்தது புரோட்டியேஸ் தடுப்பான் மட்டும். புரதத்தையே வெட்டும் நொதிகளை அது நிறுத்தும். அசிட்டைலைப் பிய்க்கும் எச்டாக்குகளை அது தொடாது. உறைந்த திசு பஃபரில் இளகியதும் அவை விழித்துக்கொள்கின்றன. சிறுநீரகம் உடலை விட்டு வந்துவிட்டது, எலி இல்லை, ஆனாலும் நொதி தன் வேலையை விடவில்லை. ஐஸ் அதை மெதுவாக்கும், நிறுத்தாது. என் ஹோமோஜினைசருக்குள், நான் 20 இழுப்பு எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், நான் அளக்க வந்த குறியை நான் படிக்கும் நொதியே அழித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஒரே ஒரு நல்ல எலியின் சிறுநீரகத்தை எடுத்தேன். உறைந்த நிலையிலேயே கத்தியால் இரண்டாகப் பிளந்தேன். ஒரு பாதி தாளில் உள்ளபடி. மறு பாதிக்கு முதல் பஃபரிலும் கழுவும் பஃபரிலும் 10 மில்லிமோலார் சோடியம் பியூட்டிரேட், 10 மில்லிமோலார் நிகோடினமைடு. பியூட்டிரேட் பாட்டிலைத் திறந்ததும் வெண்ணெய் ஊசிப்போன வாடை. அன்று முழுக்க கையுறையில், ஏப்ரனில், பைப்பெட்டில் எல்லாம் அந்த வாடைதான். இரண்டு குப்பியையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டினேன். இரவு எட்டரைக்கு இமேஜரில் வைத்தேன். திரையில் இடது லேனில் 17 கிலோடால்டன் பக்கத்தில் பழைய மங்கல் நிழல். வலது லேனில் 30 நொடியிலேயே கறுப்பாக, ஓரம் கூர்மையாக ஒரு பட்டை எழுந்தது. ஒரே எலி, ஒரே சிறுநீரகம், ஒரே நாள். அந்தப் படத்தைப் பிரிண்ட் எடுத்து என் மேசைக்கு மேல் ஒட்டியிருக்கிறேன்.

ஏன் இரண்டு மருந்து என்று கேட்பீர்கள். எச்டாக் குடும்பம் மனிதனில் 18 பேர் கொண்டது. அதில் 11 பேர் துத்தநாகத்தை வைத்து வேலை செய்பவர்கள். மீதி 7 பேர் சர்ட்டுவின்கள், அவர்களுக்குச் செல்லில் இருக்கும் என்ஏடி என்ற மூலக்கூறு வேண்டும். பியூட்டிரேட் முதல் கூட்டத்தில் முக்கியமானவர்களைப் பிடிக்கும், சர்ட்டுவினைத் தொடாது. நிகோடினமைடு சர்ட்டுவினைப் பிடிக்கும். ஒன்றை மட்டும் போட்டால் பாதிக் கதவுதான் பூட்டியிருக்கும். பணம் இருந்தால் டிரைகோஸ்டாட்டின் ஏயும் சேர்க்கலாம், இன்னும் அகலமாகப் பிடிக்கும். எங்களுக்கு இந்த இரண்டே போதுமாக இருந்தது. பியூட்டிரேட், நிகோடினமைடு இரண்டையும் சேர்த்து ஒரு மாதிரிக்கு ஆகும் செலவு சில ரூபாய்கள்தான். 38,500 ரூபாய்ப் பெட்டியின் தாளில் இந்த ஒரு வரியை அச்சிட்டிருந்தால் என் 26 மாதிரிகள் மிஞ்சியிருக்கும். இதை நான் அவர்களுக்கு எழுதி அனுப்பினேன். அடுத்த பதிப்பில் சேர்ப்பதாகப் பதில் வந்தது. இந்த மார்ச்சில் பக்கத்து ஆய்வகத்துக்கு வந்த பெட்டியில் அந்த வரி இன்னும் இல்லை. அதனால் வாங்குகிறவர்கள் நீங்களே தாளின் ஓரத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி ஆட்கள் சொல்லாத இன்னொன்று. முதல் சுழற்சிக்குப் பிறகு மேலே நிற்கும் திரவத்தைக் கொட்டிவிடச் சொல்கிறது தாள். கொட்டாதீர்கள். எச்டாக் என்று பெயர் இருப்பதால் எல்லாம் ஹிஸ்டோனில்தான் வேலை செய்கின்றன என்று நினைக்கக் கூடாது. எச்டாக்6 பெரும்பாலும் உட்கருவுக்கு வெளியே, செல்லின் சட்டகப் புரதமான டியூபுலினில் உள்ள அசிட்டைலை எடுக்கிறது. சர்ட்டுவின்களில் ஒன்றான சர்ட்3 மைட்டோகாண்ட்ரியாவில் உட்கார்ந்திருக்கிறது. இத்தாலியில் பெர்காமோவில் உள்ள மாரியோ நெக்ரி நிறுவனத்தார் 2015ல் காட்டியது இந்த சர்ட்3ஐத்தான். அது இல்லாத சுண்டெலிகளுக்குச் சிஸ்பிளாட்டின் கொடுத்தால் சிறுநீரகம் மற்றவற்றைவிடக் கடுமையாக அடிவாங்கியது. இவ்வளவு முக்கியமான ஆள் இருக்கும் திரவத்தை சிங்கில் ஊற்றச் சொல்கிறது தாள். மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனிச் செய்முறை வேண்டும், அது வேறு விஷயம். ஆனால் அசிட்டைல் டியூபுலினை நான் இந்தத் திரவத்திலேயே பார்த்துவிட்டேன். ஒரே 50 மில்லிகிராம் திசுவில் இரண்டு பதில் கிடைத்தது. விலங்குகளைக் குறைவாகப் பயன்படுத்தவும் அதுவே வழி.

கிட் தரும் ஹிஸ்டோன் முழுப் புறணியிலிருந்து வருவது என்பதையும் மறக்கக் கூடாது. காயப்பட்ட சிறுநீரகத்துக்குள் ரத்த வெள்ளணுக்கள் கூட்டமாக நுழைந்திருக்கும். அவற்றின் ஹிஸ்டோனும் அதே குப்பியில்தான் வருகிறது. கோடு கூடியிருக்கிறது, குறைந்திருக்கிறது என்று பார்த்ததும் குழாய்ச் செல்லில் மாற்றம் என்று எழுதிவிடாதீர்கள். நாங்கள் ஒரு சிறுநீரகத்தைக் கிட்டுக்கும் மறு சிறுநீரகத்தை ஃபார்மலினுக்கும் கொடுக்கிறோம். கண்ணாடித் தகட்டில் அதே ஆன்டிபாடி எந்தச் செல்லின் உட்கருவில் பழுப்பாகப் பிடிக்கிறது என்று பார்த்த பிறகுதான் வாய் திறக்கிறோம்.

கையால் செய்யும் அமில முறையோடு ஒப்பிடச் சொன்னால், ஆலிஸ் குழுவினர் 2007ல் விரிவாக எழுதிய முறை இன்றும் பொன்னானது. 0.4 நார்மல் கந்தக அமிலத்தில் இரவு முழுக்கச் சுழலவிட்டு, ஹிஸ்டோனைப் படியவைக்க டிசிஏ என்ற அமிலம் போட்டு, அசிட்டோனில் கழுவ வேண்டும். கடைசியில் குப்பிச் சுவரில் வெள்ளைப் பூச்சு மாதிரி ஹிஸ்டோன் ஒட்டியிருக்கும். நான் அதையும் செய்து பார்த்தேன். சுத்தம் கிட்டைவிட ஒரு படி மேல். ஆனால் இரண்டு நாள் ஆகிறது, அசிட்டோன் கழுவலில் கை கொஞ்சம் அசைந்தால் பாதி போய்விடும், எலிக்கு எலி அளவு மாறுகிறது. 10 மாதிரிக்குள் வேலை என்றால் அமில முறையே போதும், கிட் வாங்காதீர்கள். 40, 50 மாதிரிகளை ஒரே மாதிரியாக எடுத்து ஒப்பிட வேண்டுமானால் கிட் தன் விலைக்கு நியாயம் செய்கிறது. செல் வளர்ப்பில் வேலை செய்பவர்களுக்கு இன்னும் சுலபம். அங்கே இளகும் நேரமே கிடையாது. அங்கேயும் தடுப்பான்களைப் போடத்தான் வேண்டும்.

நவம்பருக்கு அப்புறம் எடுத்த மாதிரிகளில் நல்ல குழுவும் காயக் குழுவும் கண்ணால் பார்த்தாலே வேறுபட்டு நின்றன. எண்கள் கட்டுரையில் வரும்போது வரட்டும். ஆனால் அந்த வேறுபாட்டைப் பார்த்ததும், "அப்போ அந்த நொதியைத் தடுக்க ஒரு மாத்திரை கொடுத்தா சரியாயிடுமா?" என்று சித்தி கேட்டாள். இந்தக் கேள்விக்கு நான் பொறுமையாகப் பதில் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு யாராவது பியூட்டிரேட் மாத்திரை தேடிப் போய்விடக் கூடாது.

எச்டாக்கைத் தடுக்கும் மருந்துகள் இருக்கின்றன. வொரினோஸ்டாட் 2006ல் தோலில் வரும் ஒருவகை லிம்போமாவுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வலிப்புக்குக் காலங்காலமாகக் கொடுக்கும் வால்ப்ரோயேட்டும் எச்டாக்கைத் தடுக்கிறது என்று 2001ல் தெரியவந்தது. இஇசட்எச்2ஐத் தடுக்கும் டாஸெமெட்டோஸ்டாட் 2020ல் வந்தது, அதுவும் புற்றுநோய்க்கு. திடீர் சிறுநீரகக் காயத்துக்கு என்று அனுமதி பெற்ற எபிஜெனடிக் மருந்து ஒன்றுகூட இல்லை. ஏன் என்றால், ஆய்வுகளே ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்கின்றன. 2013ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகக் குழுக்கள் காயம் ஏற்பட்ட பிறகு எச்டாக் தடுப்பான் கொடுத்தால் சிறுநீரகம் சீக்கிரம் தேறுகிறது என்று வரிக்குதிரை மீனிலும் சுண்டெலியிலும் காட்டினார்கள். அடுத்த வருடமே அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் குழு, எச்டாக்குகளில் முதல் வகுப்பு என்ற பிரிவை மருந்தால் தடுத்தால் காயம் கூடுகிறது, குழாய் தேறுவதும் தடைபடுகிறது என்று காட்டியது. இரண்டும் கவனமான வேலைகள். மருந்து வேறு, காயம் வேறு, கொடுத்த நேரம் வேறு. நான் படித்த வரையில் இந்த நொதிகளை நல்லது கெட்டது என்று பிரிப்பதே தப்பு. எந்த நொதி, எந்தச் செல்லில், காயத்துக்கு எத்தனையாவது மணி நேரத்தில் என்று கேட்டால்தான் பதில் வரும்.

நிகோடினமைடையே எடுத்துக்கொள்ளுங்கள். என் குப்பியில் அது சர்ட்டுவினை நிறுத்துகிறது. அதே பொருள் உடம்புக்குள் போனால் என்ஏடியாக மாறிச் சர்ட்டுவினுக்குத் தீனியாகவும் ஆகிறது. 2016ல் பாஸ்டன் ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் நிகோடினமைடு சிறுநீரகத்தைக் காப்பதாகக் காட்டினார்கள். குப்பியில் ஒரு முகம், உடம்பில் ஒரு முகம். இப்படிப்பட்ட ஒன்றைக் கடையில் வாங்கிச் சாப்பிடச் சொல்ல எனக்கு மனசு வராது.

சித்தப்பாவுக்கு இப்போது செய்வதெல்லாம் பழைய வைத்தியம்தான். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்க்கிறோம். ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கிறோம். முழங்கால் வலித்தாலும் வலி மாத்திரை போடவிடுவதில்லை. பாம்புக்கடி, பேதி, காய்ச்சல் என்று எதனாலாவது சிறுநீரகம் நின்று பிழைத்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், டிஸ்சார்ஜ் ஆன அன்றைக்குப் பார்த்த எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். மூன்று மாதம் கழித்து ஒரு தடவையாவது பாருங்கள். எங்கள் வீட்டில் யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று அப்போது எனக்கும் தெரியாது.

பெட்டியில் இன்னும் 22 மாதிரிக்குப் பஃபர் மிச்சம் இருக்கிறது. அதை நான் வேறு எதற்கும் தொடவில்லை. மைனஸ் 80ல் மூன்றாவது தட்டில் 28ஆம் நாள் குழுவின் 12 சிறுநீரகங்கள் இருக்கின்றன. ஊசி போட்ட எலிகள் ஆறு, போடாதவை ஆறு. ஊசி போட்டவற்றின் கிரியேட்டினின் நான்காம் நாள் ஏறி, 28ஆம் நாள் பழைய இடத்துக்கே இறங்கிவிட்டது. ரத்தப் பரிசோதனைத் தாளை மட்டும் பார்த்தால் இரண்டு குழுவையும் பிரிக்க முடியாது. திங்கட்கிழமை காலை அவற்றை எடுக்கிறேன். பியூட்டிரேட்டும் நிகோடினமைடும் இன்றைக்கே கரைத்து வைத்துவிட்டேன்.